தசை பருத்திருக்கிறது, வலு ஏன் அதே அளவு கூடவில்லை?

கேள்வி: மருதநிலத்தான்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மூன்று ஆண்டுகளாக விடாமல் ஜிம்முக்குப் போய் வருகிறேன். சேர்ந்த நாளில் 61 கிலோ இருந்த உடல் எடை இப்போது 72 கிலோ ஆகியிருக்கிறது. மேற்கையின் சுற்றளவு 12.5 அங்குலத்திலிருந்து 14.5 அங்குலத்துக்கு வந்திருக்கிறது. இந்த வளர்ச்சியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

சென்ற சம்பா அறுவடையின்போது எங்கள் களத்தில் ஆள் பற்றாமல் போனதால், நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்ற நானும் கைகொடுத்தேன். ஒவ்வொரு மூட்டையும் ஏறக்குறைய 75 கிலோ. என்னோடு நின்ற சுமைதூக்கும் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உடல் எடை 60 கிலோவை எட்டாது. கையும் என் கையைவிட நன்றாக மெலிந்தது. அவர் மூட்டையை அணைத்தபடி உட்கார்ந்து, எழும்போதே அதைத் தொடைமேல் ஒரு கணம் நிறுத்தி, அங்கிருந்து ஒரே எக்கில் தோளுக்கு ஏற்றிவிட்டார். அன்று காலையில் மட்டும் நாற்பது மூட்டைகளை அவர் ஏற்றியிருப்பார். நானோ முதல் மூட்டையைத் தொடை உயரத்துக்கு மேல் கொண்டுபோக முடியாமல் இறக்கி வைத்தேன். மூன்றாவது மூட்டையில் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது.

அன்று முதல் இந்தக் கேள்வி மனத்தைவிட்டு அகலவில்லை. எட்டு முதல் பன்னிரண்டு ரெப் (ஓய்வின்றித் தொடர்ந்து தூக்கும் எண்ணிக்கை) செய்தால் தசை பருக்கும், ஐந்து ரெப்புக்குள் செய்தால் வலு கூடும், இரண்டையும் கலந்தால் இரண்டுமே கிடைக்காது என்கிறார் எங்கள் ஜிம் பயிற்சியாளர். இது உண்மையா? நான் பெரும்பாலும் இயந்திரங்களில்தான் பயிற்சி செய்கிறேன். காலுக்கு, சாய்ந்து உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மட்டும். படுத்தபடி கம்பியை மார்புக்கு மேல் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் 60 கிலோவைப் பத்து ரெப் செய்கிறேன். ஐந்து மாதங்களாக அது ஒரு கிலோகூட ஏறவில்லை. வளர்ந்த தசையை இழக்காமல் வலுவைக் கூட்ட வழி உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: பழைய பார்பெல்

தம்பி, நான் வேலூர்ப் பக்கம் பளுதூக்கும் போட்டிகளில் கலந்துகொண்டவன். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். உங்கள் பயிற்சியாளர் சொன்னதில் முதல் பாதியை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். கலந்தால் இரண்டும் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

எங்கள் விளையாட்டில் எடைப் பிரிவு என்று ஒன்று இருப்பதால், இந்த வேறுபாட்டை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். ஒரு பிரிவில் நிற்கும் ஒருவர், உடல் எடை ஏறாமலே, தூக்கும் எடையை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் ஸ்னாட்ச்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 87 கிலோவும் கிளீன் அண்டு ஜெர்க்கில் (தோளில் நிறுத்திப் பிறகு தலைக்கு மேல் தூக்குவது) 115 கிலோவும் தூக்கி, மொத்தம் 202 கிலோவுடன் வெள்ளி வென்றார். அதே 2021 ஏப்ரலில் ஆசியப் போட்டியில் கிளீன் அண்டு ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனையும் படைத்திருந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நயிம் சுலைமானோக்லு 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். அது அவருடைய உடல் எடையின் மூன்று மடங்குக்கும் அதிகம். எங்கள் வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 இல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். உடல் பருமன் ஒன்றே வலுவைத் தீர்மானிக்கும் என்றால் இந்த எண்களுக்கு விளக்கம் கிடைக்காது.

இவர்கள் பயிற்சி செய்யும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு செட்டில், அதாவது ஓய்வுக்கு முன் ஒரு தடவையில், ஒன்று முதல் மூன்று ரெப். அதற்குப் பிறகு மூன்று நிமிடம், சில வேளை ஐந்து நிமிடம் ஓய்வு. கை நடுங்கும்வரை யாரும் செய்வதில்லை. கம்பி மேலேறும் வேகம் தளர்ந்தது கண்ணில் பட்டதுமே நான் என் பிள்ளைகளை நிறுத்திவிடுவேன். தலைக்கு மேல் போன கம்பியை மெல்ல இறக்குவதும் கிடையாது, மேடையில் போட்டுவிடுகிறோம். களைப்பு குறைவாகவும் எடை அதிகமாகவும் இருக்க, ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை பழகுகிறோம். தசையைப் பருக்க வைக்க வேண்டும் என்றால் இவற்றில் பெரும்பகுதியைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: தசை களைக்க வேண்டும், எடையை நிதானமாக இறக்க வேண்டும், மொத்த செட்டுகள் அதிகமாக வேண்டும்.

இப்போது அந்த அண்ணனுக்கு வருவோம். அவர் தூக்கியதை நீங்கள் எழுதியிருக்கும் விதமே விடையைச் சொல்லிவிடுகிறது. மூட்டையை உடலோடு அணைத்துக்கொண்டார், தொடைமேல் நிறுத்தினார், அங்கிருந்து இடுப்பால் எக்கினார். எடை முதுகெலும்பிலிருந்து எத்தனை விலகுகிறதோ அந்த அளவுக்குக் கீழ்முதுகின் மேல் சுமை பெருகும். மூட்டை ஒரு சாண் தள்ளி நின்றாலே 75 கிலோ வேறு ஒரு எடையாகிவிடும். நீங்கள் அதைக் கையால் இழுத்து முதுகால் தூக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லெக் பிரஸ்ஸில் முதுகைப் பலகை தாங்குகிறது, பெஞ்ச் பிரஸ்ஸிலும் பலகை தாங்குகிறது. கால் தள்ளும்போது நடு உடம்பு விறைத்து நிற்க வேண்டும் என்பதை இந்த மூன்று ஆண்டுகளில் எந்தப் பயிற்சியும் உங்கள் உடலுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவரோ முப்பது ஆண்டுகளாக அதை மட்டுமே கற்றிருக்கிறார். அவருடைய வலுவை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழக்கமும் வலுவின் ஒரு பகுதியே.


மறுமொழி: தசையும் நரம்பும்

வணக்கம். நான் இயன்முறை மருத்துவர். மேலே ஐயா களத்திலிருந்து சொன்னதற்கு உடலியல் விளக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒரு தசை இழுக்கும் விசை முதன்மையாக இரண்டைப் பொறுத்தது. முதலாவது, அதன் குறுக்குவெட்டுப் பரப்பு. இரண்டாவது, அந்தத் தசையை நரம்பு மண்டலம் எவ்வளவு முழுமையாகவும் விரைவாகவும் ஒழுங்காகவும் இயக்குகிறது என்பது. முதலாவதை நீங்கள் மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்திருக்கிறீர்கள். சுற்றளவு 12.5 அங்குலத்திலிருந்து 14.5 ஆனால், கையின் குறுக்குப் பரப்பு கணக்குப்படி ஏறத்தாழ 35 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். அதில் ஒரு பங்கு கொழுப்பாக இருக்கலாம் என்றாலும், பெரும்பகுதி தசையாக இருந்தால் அது வலுவின் மூலப்பொருளே. ஆகவே உழைப்பு வீணாகிவிட்டதாக எண்ண வேண்டாம்.

இரண்டாவது பகுதியைத்தான் பலரும் குறைவாக மதிக்கிறார்கள். நரம்பு மண்டலம் ஒரு தசையின் எல்லா இழைகளையும் எப்போதும் வேலைக்கு அழைப்பதில்லை. இயக்க அலகு என்பது ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்தது; அவற்றில் சிறியவற்றை முதலிலும், விசைத் தேவை கூடக் கூடப் பெரியவற்றைப் பிறகும் அழைக்கிறது. எல்வுட் ஹென்னமன் 1957 முதல் எழுதிய கட்டுரைகள் நிறுவிய ஒழுங்கு இது. ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடைக்கு அருகில் தூக்கும்போது பெரிய அலகுகள் முதல் ரெப்பிலேயே அழைக்கப்படுகின்றன. மிதமான எடையில், சிறிய அலகுகள் களைத்த பிறகு, கடைசிச் சில ரெப்புகளில்தான் அவற்றின் முறை வருகிறது. இரு வழியிலும் அவை வேலை செய்வதால் இரு வழியிலும் தசை வளர முடிகிறது. ஆனால் அவற்றை ஒரே நேரத்தில், வேகமாக, மற்ற தசைகளோடு இசைந்து இயக்கும் திறன் கனமான எடையில்தான் நன்றாகப் பயிற்சி பெறுகிறது.

இதற்கு என் பணியில் நாள்தோறும் காணும் சான்று ஒன்று உண்டு. ஒரு கை மாவுக்கட்டில் இருக்கும் நோயாளிக்கு மற்றக் கையால் பயிற்சி கொடுத்தால், கட்டில் இருக்கும் கையின் வலு இழப்பு குறைகிறது. ஒரு பக்கம் பயிற்சி செய்தால் மறுபக்கமும் வலுப்பெறும் என்பதை 1894 இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மறுகையில் தசை பருப்பதில்லை. வலு கூடுவது நரம்பு வழியாகத்தான். மோரிட்டானி, டிவ்ரீஸ் இருவரும் 1979 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு விதத்தில் காட்டியது: பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் ஏறும் வலுவின் பெரும்பகுதி நரம்பு மாற்றத்தால் வருகிறது, தசைப் பருமனின் பங்கு அதன்பிறகே மேலோங்குகிறது.

ஜிம்களில் வேதவாக்காகச் சொல்லப்படும் ‘மூன்று செட், பத்து ரெப்’ எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் கொடுத்த முழங்கால் சிகிச்சையிலிருந்து வந்தது அது. அதுவரை நோயாளிகளுக்கு இலேசான எடையை மிகப் பல முறை அசைக்கச் சொல்வதே வழக்கம். அவர் கனமான எடையைக் குறைந்த முறை தூக்க வைத்து 1945 இல் முடிவுகளை வெளியிட்டார். 1948 இல் வாட்கின்ஸோடு சேர்ந்து அதை மூன்று செட்டாகச் சுருக்கினார். பத்து முறை தூக்க முடிகிற எடையில் பாதி, முக்கால், முழுமை என்று படிப்படியாக ஏறும் செட்டுகள் அவை. வீணான காலின் வலுவை மீட்பதே அவருடைய நோக்கம். பத்து ரெப் என்பது பருமனுக்கு மட்டும் உரிய எண் என்ற கருத்துக்கு அதன் பிறப்பிலேயே இடமில்லை.


மறுமொழி: இரும்புப் பற்று

மருத்துவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயிற்சி செய்யும் எனக்கு வேறு கருத்து உண்டு. இலேசான எடையை இருபது, இருபத்தைந்து ரெப் செய்து தசை விம்முவது ரத்த ஓட்டத்தால்தான். அது இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். நான் பார்த்தவரை உண்மையாகவே பருத்த உடல் உள்ள எல்லோரும் கனமாகத் தூக்குகிறார்கள். தம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஐந்து ரெப்புக்கு மேல் போகாமல் ஓராண்டு பயிற்சி செய்தால் வலுவும் வரும், பருமனும் தானாகப் பின்னால் வரும் என்பதே என் அறிவுரை.


மறுமொழி: தசையும் நரம்பும்

நீங்கள் சொல்வதில் ஒரு உண்மை இருப்பதால் அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் பத்து ரெப் செய்ய முடியும் என்ற நிலையில் பதினைந்தோடு டம்பெல்லைக் கீழே வைத்துவிடுகிறவருக்கு இலேசான எடை எந்தப் பயனும் தராது. நீங்கள் பார்த்த பலரும் அப்படிச் செய்கிறவர்களாக இருக்கலாம். விம்மல் வடிந்துவிடும் என்பதும் சரியே.

ஆனால் இனி ஒரு ரெப்கூட முடியாது என்ற எல்லைவரை போகிறவரின் நிலை வேறு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012 இல் வெளிவந்த ஆய்வில், பத்து வாரம் ஒற்றைக் காலால் முழங்கால் நீட்டும் பயிற்சி கொடுத்தார்கள். சில கால்களுக்கு உச்ச எடையில் 30 விழுக்காடு, சில கால்களுக்கு 80 விழுக்காடு. இரண்டிலும் இயலாத எல்லைவரை மூன்று செட். முடிவில் தொடைத் தசையின் வளர்ச்சி இரண்டிலும் ஒத்திருந்தது. ஒரே முறை தூக்கும் உச்ச எடை மட்டும் 80 விழுக்காட்டில் பழகிய கால்களுக்கு அதிகமாக ஏறியிருந்தது. வலுவும் பருமனும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஐந்து ரெப்புக்குள்ளேயே இருந்தாலும் பருமன் வரும் என்ற உங்கள் கூற்றும் தவறில்லை; ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பாருங்கள். பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே பயிற்சி பெற்ற இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பத்து ரெப் வீதம் மூன்று செட்டும், மற்றதற்கு மூன்று ரெப் வீதம் ஏழு செட்டும் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் மேற்கைத் தசையின் தடிமன் இரு குழுவிலும் ஒரே அளவு கூடியது. வலு கனமாகத் தூக்கியவர்களுக்கே அதிகம் ஏறியது. ஆனால் முதல் குழு ஒரு நாள் பயிற்சியை ஏறக்குறைய 17 நிமிடத்தில் முடித்தது. இரண்டாம் குழுவுக்கு 70 நிமிடம் பிடித்தது. மூட்டு வலியும் சோர்வும் அதிகம் தெரிந்ததும் இரண்டாம் குழுவிலேயே. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள், தசை வளரும் வேகத்துக்கு உறுதிப்படுவதில்லை. அவற்றுக்கு மாதக் கணக்கில் நேரம் வேண்டும். இயந்திரங்களிலிருந்து வரும் ஒருவரை ஓராண்டு முழுதும் கனமான எடையில் மட்டும் நிறுத்துவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.


மறுமொழி: குறிஞ்சிப்பூ

இடையில் ஒரு கேள்வி கேட்க அனுமதியுங்கள். எனக்கு வயது 38. கனமாகத் தூக்கினால் உடல் ஆண்களைப்போல் பருத்துவிடும் என்று வீட்டில் சொல்வதால் இரண்டு கிலோ டம்பெல்லைத் தாண்டியதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியேறும் வலுவும், வயதான பிறகு தரையிலிருந்து தானாக எழுந்திருக்கும் வலுவும்தான் எனக்கு வேண்டும். இரத்த அழுத்தம் சற்று அதிகம் என்று சென்ற மாதம் சொன்னார்கள்.


மறுமொழி: தசையும் நரம்பும்

சகோதரி, உங்கள் வீட்டாரின் அச்சத்துக்கு மேலே ஐயா எழுதிய மீராபாய் சானுவே விடை. 115 கிலோ தூக்கியபோதும் அவர் 49 கிலோ பிரிவில்தான் நின்றார். பருமன் தற்செயலாக வந்துவிடுவதில்லை. அதற்குப் பல செட்டுகளும், மிகுதியான உணவும், ஆண்டுக்கணக்கான காலமும் வேண்டும். ஐந்து ரெப் வீதம் இரண்டு மூன்று செட் செய்வது நீங்கள் கேட்கும் வலுவுக்குப் பொருத்தமானதே.

ஆனால் இரத்த அழுத்தத்தைப் பற்றி நீங்கள் குறிப்பிட்டதால் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு கனமான எடையைத் தள்ளும்போது அழுத்தம் நினைக்க முடியாத அளவு உயரும். தமனிக்குள் நேரடியாக அளந்து 1985 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரு கால் லெக் பிரஸ்ஸின்போது உடற்கட்டு வீரர்களின் சராசரி 320/250 வரை போனது. நலமான இளம் உடல் அந்தச் சில நொடிகளைத் தாங்கிவிடலாம். உங்கள் அழுத்தம் கட்டுக்குள் வந்து, மருத்துவர் ஒப்புதல் தரும்வரை பத்துப் பன்னிரண்டு ரெப் எளிதாகச் செய்யக்கூடிய எடையில், எழும்போது மூச்சை விட்டுக்கொண்டே, இயலாத எல்லைக்கு வெகு முன்பே நிறுத்திப் பழகுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே தொடக்கப் பயிற்சியாகக் கொள்ளலாம்; அது எளிதானதும் ஒரு பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்து மார்போடு அணைத்தபடி எழுந்திருங்கள்.


மறுமொழி: பழைய பார்பெல்

மருத்துவர் சொன்ன எல்லைக்குள் நின்று, தம்பிக்கு ஒரு திட்டம் எழுதுகிறேன். உங்களுக்குத் தசை இருக்கிறது. அதைச் செலுத்தப் பழகவில்லை. ஆகவே நாளின் முதல் பயிற்சி வலுவுக்கும், அதற்குப் பிந்தியவை பருமனுக்கும் என்று பிரித்துக்கொண்டால் போதும். நரம்பு களைக்காமல் இருக்கும்போது கனமானதைச் செய்ய வேண்டும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பெஞ்ச் பிரஸ்ஸிலிருந்து தொடங்குவோம். 60 கிலோவைப் பத்து ரெப் செய்கிறீர்கள். ரெப்பை முப்பதால் வகுத்து ஒன்றைக் கூட்டி எடையால் பெருக்கும் வழக்கமான கணக்கின்படி உங்கள் உச்ச எடை 80 கிலோ. இருந்தாலும் பத்து ரெப்பிலேயே பழகியவர் ஒரே முறை தூக்கப்போனால் பெரும்பாலும் அதற்கு ஐந்து கிலோ முன்பே நின்றுவிடுவார். கனமான எடை கையில் உட்காரும் உணர்வே அவருக்குப் புதிது. அதனால் 62.5 கிலோவில் ஐந்து ரெப் வீதம் நான்கு செட் என்று தொடங்குங்கள். முதல் வாரம் எளிதாகத்தான் இருக்கும். அதற்காக எடையை அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு ரெப்பையும் மார்பில் ஒரு கணம் நிறுத்தி, முழு வேகத்தில் தள்ளுங்கள். வாரத்துக்கு 2.5 கிலோ ஏற்றலாம். எந்த செட்டிலும் இன்னும் ஒன்றிரண்டு ரெப் மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள். செட்டுக்குச் செட் மூன்று நிமிடம் ஓய்வு கட்டாயம். ஓய்வைக் குறைத்தால்தான் தசை வளரும் என்று சொல்வார்கள். ஒரு நிமிட ஓய்வையும் மூன்று நிமிட ஓய்வையும் ஒப்பிட்டு 2016 இல் வெளிவந்த ஆய்வில் வலு, பருமன் இரண்டிலும் மூன்று நிமிடமே முந்தியது. கனமான நாளில் தலைமாட்டில் ஒருவர் உதவிக்கு நிற்காமல் பெஞ்ச்சில் படுக்காதீர்கள்.

கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டையும், தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டையும் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியிருப்பதால் அங்கே பொறுமை வேண்டும். 20 கிலோ வெற்றுக் கம்பியோடு முதல் இரண்டு வாரம். பாதம் தரையில் பதிந்திருக்கிறதா, குதிகால் எழும்புகிறதா, கீழே போகும்போது இடுப்பு உள்ளே சுருண்டுகொள்கிறதா என்பதைப் பக்கவாட்டில் கைப்பேசியை வைத்துப் படம்பிடித்துப் பாருங்கள். லெக் பிரஸ்ஸில் 150 கிலோ தள்ளிய கால் 40 கிலோ ஸ்குவாட்டில் நடுங்கினால் மனம் தளர வேண்டாம். நடுங்குவது காலைவிட நடு உடம்புதான், அதுவும் ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடும்.

வாரம் மூன்று நாள் போதும். ஒரு நாள் ஸ்குவாட், ஒரு நாள் பெஞ்ச், ஒரு நாள் டெட்லிஃப்ட் முதலில். அதன்பிறகு நீங்கள் இதுவரை செய்துவந்த டம்பெல் பிரஸ், புல்டவுன், ரோயிங், கர்ல் போன்றவற்றை எட்டு முதல் பதினைந்து ரெப்பில், கடைசி செட் இயலாத எல்லையைத் தொடும்படி செய்யுங்கள். ஒரு தசைக்கு வாரத்தில் ஏறக்குறைய பத்து செட் கிடைத்தால் அது வளர்ந்துகொண்டே இருக்கும். வேலை மிகுந்த மாதங்களில் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும் வளர்ந்த தசையைக் காப்பாற்ற முடியும். பலரும் பயப்படுவதுபோல் பத்து நாளில் கரைந்துவிடாது. ஐந்தாவது வாரம் எடையையும் செட்டையும் பாதியாக்கி மூட்டுகளுக்கு ஓய்வு கொடுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம், உங்கள் கணக்கில் நாளொன்றுக்கு 115 கிராம். இரு நோக்கங்களுக்கும் அதுவே போதும்.

கடைசியாக ஒன்று. மூட்டை தூக்க வேண்டுமானால் மூட்டையையும் தூக்க வேண்டும். ஒரு சாக்கில் 30 கிலோ மணல் கட்டி, வாரம் ஒரு நாள், அந்த அண்ணன் செய்ததைப்போல் அணைத்து, தொடைமேல் வைத்து, தோளுக்கு ஏற்றிப் பழகுங்கள். கம்பியைப்போல் சாக்குக்குப் பிடி கிடையாது. மணல் ஒரு பக்கமாகச் சரியும். அந்தச் சரிவைச் சமாளிக்கக் கம்பி கற்றுக்கொடுக்காது. முடிந்தால் அவரையே ஒரு நாள் அழைத்துப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். என்னைவிடச் சரியாகத் திருத்துவார்.


மறுமொழி: மருதநிலத்தான்

ஐயா, மருத்துவர் அம்மா, இரும்புப் பற்று அண்ணன், எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த அண்ணனைப் பார்த்துக் கேட்டேன். மூட்டையைக் குனிந்து எடுக்காதே, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடு என்றார். மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து இழுத்ததுதான் நான் செய்த தவறு, ஒரு கை அடியில் போயிருக்க வேண்டும் என்று தரையில் உட்கார்ந்தே காட்டினார். வரும் திங்கள்கிழமை முதல் திட்டத்தைத் தொடங்குகிறேன். ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது: எங்கள் ஜிம்மில் 2.5 கிலோவுக்குக் குறைந்த பிளேட் இல்லை. இரண்டு பக்கமும் போட்டால் ஒரேயடியாக 5 கிலோ ஏறிவிடுகிறது. 62.5 கிலோவை எப்படி அமைப்பது?


மறுமொழி: பழைய பார்பெல்

பெஞ்ச் பிரஸ்ஸில் 5 கிலோ ஏற்றம் ஒரு வாரத்துக்கு அதிகம்தான், தம்பி. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. என் பிள்ளைகளில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இல்லையென்றால் எடையை விட்டுவிட்டு ரெப்பை ஏற்றுங்கள். 60 கிலோவில் ஆறு ரெப் வீதம் நான்கு செட்டில் தொடங்கி, நான்கு செட்டும் மார்பில் நிறுத்தியபடியே எட்டு ரெப்பை எட்டியதும் 65 கிலோவுக்குப் போய் ஐந்து ரெப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்ட்டிலும் முதல் இரண்டு மாதம் 5 கிலோ ஏற்றம் தடையாக இருக்காது. எந்த நாளில் எந்த எடை, எத்தனை ரெப், கடைசி ரெப் வேகமாகப் போனதா தயங்கியதா என்பதை நோட்டில் எழுதி வையுங்கள். ஆறாவது வாரம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போட்டால் அடுத்த எடையைப் பார்த்துச் சொல்கிறேன்.